ஏழு எழுத்தும் 99 குறியும்

பெங்களூரின் தென்கிழக்கே ஓசூர் சாலையை ஒட்டியுள்ளது பொம்மனஹள்ளி. தமிழில் எழுத ஏழு எழுத்துகள் போதும். அப்பெயரே இணைய முகவரிக்குள் புகும்போது 30, 66, 99, 108, 165 எனப் பலவாறு நீள்கிறது. இவ்வெண்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு.

டிம் பெர்னர்ஸ்-லீ முதலியோர் 1994 டிசம்பரில் வெளியிட்ட ஆர்எஃப்சி 1738, முகவரியில் ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே அனுமதித்தது. பிற எழுத்துகளை பைட்டுகளாக்கி, ஒவ்வொரு பைட்டையும் ஒரு சதவீதக் குறியாலும் இரண்டு பதினாறடிமான இலக்கங்களாலும் எழுதச் சொன்னது. அந்த பைட்டுகள் எக்குறியேற்றத்துக்கு உரியவை என்பதைச் சொல்ல முகவரியில் இடமில்லை.

தமிழிலோ அப்போது குறியேற்றங்கள் பல. திஸ்கி வழக்கில் இருந்தது. 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் ஆகியவற்றை ஏற்றது. திஸ்கியில் இவ்வூர்ப்பெயர் 10 பைட்டுகள். முகவரியில் 30 குறிகள். வேறு குறியேற்றத்தை எதிர்பார்க்கும் வழங்கிக்கு அவை பொருளற்றவை.

ஜாவாஸ்கிரிப்ட்டின் பழைய 'எஸ்கேப்' செயற்கூறு, தமிழ் யூனிக்கோடு குறியெண் ஒவ்வொன்றையும் ஆறு குறிகளாக எழுதியது. இப்பெயரில் குறியெண்கள் 11, ஆகவே 66. 1999 டிசம்பரில் வந்த எக்மாஸ்கிரிப்ட் மூன்றாம் பதிப்பின் 'என்கோட்யூஆர்ஐ', யுடிஎஃப்-8 முறையைக் கைக்கொண்டது. அதில் தமிழ்க் குறியெண் ஒன்றுக்கு மூன்று பைட்டுகள், பைட் ஒன்றுக்கு மூன்று குறிகள், ஆகவே 99. 2005 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 3986, 3987 ஆகியவை யுடிஎஃப்-8ஐப் பொதுநெறியாக்கின.

அதன்பின்னும் இரு சிக்கல்கள் எஞ்சின. 'பொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். பின்னதில் நீளம் 108. திரையில் வேறுபாடு தெரியாது. இயல்பாக்கம் செய்யாத வழங்கிக்கோ அவை இரு வேறு முகவரிகள். ஏற்கெனவே மாற்றிய முகவரியை நிரல் மீண்டும் மாற்றினால், சதவீதக் குறி ஒவ்வொன்றும் %25 ஆகி, 99 என்பது 165 ஆகிறது.

ஆய்வேட்டு அடிக்குறிப்பிலுள்ள பழைய தமிழ் முகவரி திறக்காதபோது, பக்கமே அழிந்ததென்று முடிவுகட்டுதல் அவசரம். பக்கம் இருக்க, முகவரியின் குறியேற்றம் மட்டும் மாறியிருக்கக்கூடும். சுவடியின் எழுத்தமைதியைக் கொண்டு காலம் கணிப்பது போல, முதலில் சதவீதக் குறிகளை எண்ணிப் பார்ப்பது நன்று.