வண்டியில் செல்லும் துப்பாக்கியும் வழிமறிக்கும் சட்டமும்

பிறந்த ஊரைவிட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நம்மில் பலர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சொந்தக் காரில் மாநில எல்லையைக் கடக்கிறோம். சோதனைச் சாவடியில் காவலர் கைகாட்டி நிறுத்துகிறார். பின்பெட்டியைத் திறக்கச் சொல்கிறார். ‘வண்டி நம்முடையது, இதனுள் இருப்பது வீட்டில் இருப்பது போன்றதன்றோ?’ என்று நமக்குத் தோன்றலாம். கைத்துப்பாக்கியைப் பொறுத்தவரையில் இந்தியச் சட்டம் அவ்வெண்ணத்தை ஏற்றதில்லை.

இதன் வேர் பழையது. 1801ஆம் ஆண்டில் பாளையக்காரர் போர் ஓய்ந்ததும், கும்பெனியார் தென்பாண்டிச் சீமையின் கோட்டைகளை இடித்தனர்; மக்கள் ஆயுதம் ஏந்துவதையும் தடுத்தனர். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அவர்தம் அச்சத்தைப் பன்மடங்காக்கிற்று. 1878இல், லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது, ஆயுதச் சட்டம் பிறந்தது. லைசென்ஸ் இன்றித் துப்பாக்கியுடன் வெளியே செல்லுதல் குற்றமாயிற்று. ஐரோப்பியருக்கோ விதிவிலக்கு! ஒரே சாலையில் இரண்டு குதிரை வண்டிகள் செல்வதாகக் கொள்வோம். ஒன்றில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி. மற்றொன்றில் நம்நாட்டு வக்கீல். முன்னவர் மடியில் ரிவால்வர் இருந்தால் கேட்பாரில்லை. பின்னவர் சீட்டைக் காட்டியாக வேண்டும்.

இந்த அவமதிப்பே நம் தலைவர்களைச் சுட்டது. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை சட்டத்தைத் திருத்தக் கோரிற்று. 1918இல் காந்தியடிகளும் இச்சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார். அகிம்சையே உயிராகக் கொண்டவர் கண்டித்தது துப்பாக்கி மீதுள்ள ஆசையால் அன்று. 1931ஆம் ஆண்டுக் கராச்சித் தீர்மானமோ, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்குவதை உரிமைகளுள் ஒன்றாகவே எழுதி வைத்தது.

ஆனால் விடுதலைக்குப் பின் அவ்வுரிமை அரசியலமைப்பில் இடம்பெறவில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் காமத் அதனைச் சேர்க்க வேண்டினார், டாக்டர் அம்பேத்கர் இணங்கவில்லை, சபையும் மறுத்தது. நாட்டுப் பிரிவினையின் குருதி அப்போது உலரவில்லை. அதே ஆண்டு சனவரியில் காந்தியடிகள் கைத்துப்பாக்கிக்கு இரையாகியிருந்தார். அன்று மறுத்தது சரியே என்பது நம் கருத்து.

1959இல் இயற்றப்பட்ட புதிய ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. லைசென்ஸ் மறுப்பவர் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். இவை பெரிய மாறுதல்களே. எனினும் வழிப்பயணம் பற்றிய பகுதியில் லிட்டன் காலத்துச் சொற்கள் ஏறக்குறைய அப்படியே நிற்கின்றன. லைசென்ஸ் இருப்பினும் சரி, ஐயத்துக்கு இடந்தரும் வகையில் ஆயுதம் கொண்டு செல்பவரை வாரண்டு இன்றிப் பிடிக்கலாம். 1878இல் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்றிருந்தது. இப்போது மாஜிஸ்திரேட், போலீசார், அரசு ஊழியர், போக்குவரத்துப் பணியாளர் ஆகியோர்க்கே அவ்வதிகாரம். 23ஆம் பிரிவு, எந்த வாகனத்தையும் நிறுத்திச் சோதிக்க இடமளிக்கிறது. சொந்தக் கார் என்ற சலுகை அதில் இல்லை. பின்பெட்டியைத் திறக்கச் சொல்லும் காவலரின் அதிகாரம் இதுவே.

குடகு நாட்டவர்க்கு மட்டும் வெள்ளையர் காலத்து விலக்கு ஒன்று உண்டு. 2019இலும் அது பத்தாண்டு நீட்டிக்கப்பட்டது. அங்கே குடியேறிய தமிழர், அடுத்த வீட்டுக்காரரைப் பார்த்துத் தமக்கும் அது உண்டெனக் கருதுதல் பிழை.

லைசென்ஸில் அது செல்லுபடியாகும் பகுதி குறிக்கப்பட்டிருக்கும். ஒரு மாநிலத்தளவில் பெற்ற சீட்டு எல்லைக்கு அப்பால் துணை நில்லாது. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, பொதுவிடத்தில் கைத்துப்பாக்கி உறையில் முழுதும் மறைந்திருக்க வேண்டும். கொண்டு செல்பவரின் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். குடிபெயரும்போது ஆயுதத்தையும் உடன் கொண்டு செல்பவர், முப்பது நாட்களுக்குள் புதிய ஊரின் லைசென்ஸ் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டுமென 1962ஆம் ஆண்டு விதிகளே கூறின. ரேஷன் கார்டையும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழையும் மறவாமல் எடுத்து வைக்கும் நம்மவர், பெட்டி கட்டும் பரபரப்பில் மறந்துவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.