கொதிகலன் தொழிலாளரும் கேளாச் செவியும்

தொழிலால் வரும் நோய்களுள், வலியின்றி வந்து, வந்தபின் நீங்காத நோய் ஒன்று உண்டு. இரைச்சலால் உண்டாகும் செவிட்டுத்தன்மையே அது. மருத்துவ உலகில் இதற்கு நெடுங்காலம் வழங்கிய பெயர் ‘கொதிகலன் தொழிலாளர் செவிடு’ என்பதாகும். கொதிகலன் என்றதும் தமிழ்நாட்டில் நம் நினைவுக்கு வரும் ஊர் திருச்சிராப்பள்ளி. ஆகவே இந்நோயின் வரலாற்றைத் திருச்சியிலும் திருவரங்கத்திலும் வாழ்வோர் அறிந்திருப்பது மிகவும் தேவையானது.

கன்னார் முதல் கொதிகலன் வரை

தொழில் நோய்களைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதியவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி. அவருடைய நூல் 1700-இல் வெளிவந்தது. 1713-இல் வந்த விரிவான பதிப்பில் வெனிஸ் நகரத்துக் கன்னாரைப் பற்றிக் குறிப்பிடுகிறார். நகரின் ஒரே பகுதியில் நெருங்கி வாழ்ந்து, நாள் முழுதும் செம்பைத் தட்டும் அவர்களுக்கு முதலில் காது மந்தமாகிறது. முதுமையில் முற்றிலும் செவிடாகிறது என்பது அவர் கண்ட உண்மை. 1831-இல் ஆங்கில மருத்துவர் பாஸ்புரோக், கொல்லர்களிடமும் இக்குறை சிறிது சிறிதாக வளர்வதை எடுத்துக்காட்டினார்.

நீராவி யுகம் பிறந்தபின் இரைச்சல் பன்மடங்காயிற்று. அக்காலத்தில் கொதிகலனின் இரும்புத் தகடுகளைப் பழுக்கக் காய்ச்சிய ரிவெட்டுகளால் இணைத்தனர். வெளியே இருப்பவர் சம்மட்டியால் அடிக்க, கொதிகலனுக்குள் ஒருவர் அமர்ந்து ரிவெட்டின் தலையை அழுத்திப் பிடித்திருப்பார். ஒவ்வோர் அடியின் ஓசையும் அந்த இரும்புக் கூட்டுக்குள் எதிரொலித்து அவர் காதில் பாயும்.

கப்பலும் எஞ்சினும் கட்டிய கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்னும் காது மருத்துவர் 1886-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கொதிகலன் தொழிலாளர் 100 பேர், இரும்பு வார்ப்படத் தொழிலாளர் 100 பேர், தபால்காரர் 100 பேர் ஆகியோரை அவர் சோதித்தார். கருவி மிக எளியது: ஒரு சட்டைப்பைக் கடிகாரம். அதன் ‘டிக் டிக்’ ஓசை எவ்வளவு தொலைவுவரை கேட்கிறது என்று அளந்தார். கொதிகலன் தொழிலாளருள் ஒருவருக்குக்கூட இயல்பான கேள்திறன் இல்லை. பொதுக்கூட்டப் பேச்சைக் கேட்பதில் இடர்ப்பட்டோர் தபால்காரருள் 8 பேர். வார்ப்படத் தொழிலாளருள் 12 பேர். கொதிகலன் தொழிலாளருள் 75 பேர்! ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அமைதியான தொழில் செய்வோரையும் சோதித்ததே இந்த ஆய்வின் சிறப்பு.

செவிக்குள் நடப்பது என்ன?

1890-இல் ஹேபர்மன் என்னும் மருத்துவர், இரைச்சலில் உழைத்துச் செவிடான ஒரு தொழிலாளி இறந்தபின் அவருடைய உட்செவியை நுண்நோக்கியில் ஆராய்ந்தார். நத்தைக்கூடு போன்ற உட்செவிச் சுருளின் அடிப்பகுதியில் இருக்க வேண்டிய மயிரணுக்களே அழிந்திருந்தன.

ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. ஒலியதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுபவை இவையே. பறவைகளுக்கு இவை அழிந்தால் மீண்டும் முளைக்கின்றன என்று 1980-களின் பிற்பகுதியில் தெரியவந்தது. மனிதருக்கோ போனவை போனவைதாம்.

சுருளின் அடிப்பகுதி உயர்ந்த அதிர்வெண்களை உணர்கிறது. இரைச்சல் முதலில் தாக்குவது இப்பகுதியைத்தான். எனவே கேள்திறன் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழுகிறது. இதன் விளைவைத் தமிழ்ச் சொற்களைக் கொண்டே விளக்கலாம். உயிரொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் உள்ளது. ச, த, க, ப ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் நுண்ணோசைகளோ உயர்ந்த அதிர்வெண்களில் உள்ளன. ஆகவே சட்டி, தட்டி, கட்டி, பட்டி யாவும் ஒன்றுபோலவே கேட்கும். குரல் கேட்கிறது, சொல் புரியவில்லை என்பதே இந்நோயாளிகளின் பொதுவான முறையீடு. அமைதியான வீட்டில் சமாளித்துவிடும் ஒருவர், வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் திருவரங்க வீதியில் பக்கத்தில் நிற்பவரின் பேச்சைப் புரிந்துகொள்ள முடியாமல் திகைப்பார்.

பொன்மலையும் திருவெறும்பூரும்

நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை 1920-களின் பிற்பகுதியில் திருச்சியை அடுத்த பொன்மலைக்கு மாற்றப்பட்டது. நீலகிரி மலை இரயிலுக்கான நீராவி எஞ்சின்கள் இந்த நூற்றாண்டிலும் அங்கே புதிதாகக் கட்டப்பட்டுள்ளன. 1965-இல் திருவெறும்பூரில் செக்கோஸ்லோவாகியாவின் தொழில்நுட்ப உதவியுடன் உயரழுத்தக் கொதிகலன் ஆலை தோன்றியது. பாரத மிகுமின் நிறுவனத்தின் இந்த ஆலையைச் சார்ந்து, துவாக்குடி முதலிய இடங்களில் எண்ணற்ற சிறு பட்டறைகள் வளர்ந்தன.

ரிவெட்டின் இடத்தை இன்று வெல்டிங் பிடித்துவிட்டது. ஆயினும் இரைச்சல் ஒழிந்துவிடவில்லை. எஃகுத் தகட்டைக் கிரைண்டர் தேய்க்கும்போதும், உளி செதுக்கும்போதும் ஒலியளவு பெரும்பாலும் 90 டெசிபலைத் தாண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள் 90 டெசிபல் இரைச்சலில் 8 மணி நேரமும், 95-இல் 4 மணி நேரமும், 100-இல் 2 மணி நேரமும் மட்டுமே வேலை செய்யலாம் என்று வரம்பிட்டன. இரைச்சல் செவிடு அச்சட்டத்தின் அறிவிக்கத்தக்க நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது. 2020-ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் பட்டியலிலும் இருக்கிறது. இந்நோய்க்கு இழப்பீடு பெறவும் சட்டத்தில் இடமுண்டு.

சான்று அழியுமுன்

ஆனால் இழப்பீட்டுக்குச் சான்று வேண்டுமே! இங்கேதான் காது-மூக்கு-தொண்டை மருத்துவரின் பணி இன்றியமையாததாகிறது. தொடக்க நிலையில் 4,000 ஹெர்ட்ஸில் விழும் பள்ளம் 8,000 ஹெர்ட்ஸில் மீண்டும் மேலெழுகிறது. முதுமைச் செவிடு அப்படியன்று. அதிர்வெண் உயர உயரச் சரிந்துகொண்டே போகும். வயது ஏறும்போது முதுமையின் சரிவு இரைச்சலின் பள்ளத்தை விழுங்கிவிடுகிறது. அறுபது வயதில் முதன்முறையாகச் சோதனைக்கு வரும் தொழிலாளியின் வரைபடத்தில், எவ்வளவு தொழிலால் வந்தது, எவ்வளவு வயதால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

எனவே வேலையில் சேரும்போதே ஒரு சோதனையும், பின்னர் ஆண்டுதோறும் ஒரு சோதனையும் தேவை. இரைச்சலிலிருந்து விலகிக் குறைந்தது 14 மணி நேரம் ஓய்வெடுத்தபின் சோதிக்க வேண்டும். இல்லையேல் தற்காலிக மந்தமும் கணக்கில் சேர்ந்துவிடும். வேலை முடிந்து வீடு திரும்பியதும் காதில் ரீங்காரம் கேட்டால், அதுவே முதல் எச்சரிக்கை. காதில் பஞ்சு அடைத்துக்கொள்வதால் பயன் மிகக் குறைவு. பொருத்தமான காதுமூடியே தக்க காப்பு. பிறகு வாங்கும் காதுகேள் கருவி ஒலியைப் பெருக்கித் தரும். அழிந்த மயிரணுவின் வேலையை அதனால் முழுமையாகச் செய்ய முடியாது.

பெரிய ஆலைத் தொழிலாளிக்கு ஆலை மருத்துவமனை உண்டு. சிறு பட்டறையில் ஒப்பந்தக் கூலிக்கு உழைக்கும் இளைஞனுக்கு யார் உண்டு? கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த திருச்சி அரசு மருத்துவமனையின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவு அவனுக்கும் உரியதே. காது கேளாமல் போனபின் செல்வதைவிட, நன்றாகக் கேட்கும்போதே ஒருமுறை சென்று தன் கேள்திறனைப் பதிவுசெய்துகொள்வது அவனுக்கு நல்லது. ஒரு கடிகாரத்தைக் கொண்டு தாமஸ் பார் தேடிய சான்றை, இன்று ஒரு சிறிய அறையில் அரை மணி நேரத்தில் பெற்றுவிடலாம்.