ஊதாப் பட்டை எதை அளக்கிறது?

கீட்டோ டயட் என்றதும் இன்று எல்லோருக்கும் உடல் எடை குறைப்புதான் ஞாபகம் வருகிறது. அது பிறந்ததோ வலிப்பு நோய்க்காக. பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்பது பழைய அனுபவம். ஆனா குழந்தையை எத்தனை நாள் பட்டினி போட முடியும்? 1921ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் ஒரு வழி சொன்னார். மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டினால், சாப்பிடும்போதே உடம்பு பட்டினியில் இருப்பதுபோலக் கீட்டோன்களை உண்டாக்கும். 1925ல் அங்கேயே மைனி பீட்டர்மேன் கணக்கை வகுத்தார்: குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 1 கிராம் புரதம், நாளுக்கு 10 முதல் 15 கிராம் மாவுச்சத்து, மீதியெல்லாம் கொழுப்பு.

இந்த வரலாற்றை வாசிக்கும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது. மருந்துச் சீட்டு மருத்துவருடையது. மருந்து தயாராவது வீட்டு அடுப்பில். வழக்கமான 4:1 விகிதத்தில், புரதமும் மாவுச்சத்தும் சேர்த்து 1 கிராம் என்றால் கொழுப்பு 4 கிராம். கலோரிக் கணக்கில் 90 சதவீதம் கொழுப்பு! ஒவ்வொரு வேளையும் கிராம் தராசில் நிறுத்துப் போட வேண்டும். தட்டில் மிச்சம் வைத்தாலும் கணக்கு கெடும். 1938ல் ஃபெனிட்டாயின் வந்ததும் இந்த உணவுமுறை ஏன் பின்னுக்குப் போனது என்று இதிலேயே புரிகிறது, இல்லையா? மாத்திரையை எண்ணிக் கொடுத்தால் போதும்.

சரி, பெற்றோர் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபமான வழி, சிறுநீரில் நனைக்கும் சோதனைப் பட்டை. கீட்டோன் கூடினால் ஊதாவாகும். நிறம் வெளுத்தால், "என்ன கொடுத்தீங்க?" என்று அம்மாவைக் கேட்கத் தோன்றும். ஆனா அந்தப் பட்டை காட்டுவது அசிட்டோஅசிட்டேட்டை மட்டும்தான். ரத்தத்தில் அதைவிட அதிகம் இருக்கும் பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் அதில் தெரியாது. குழந்தை நிறையத் தண்ணீர் குடித்தாலே நிறம் வெளுக்கும். இருமல் சிரப்பில் இருக்கும் சர்க்கரையும் கணக்கைக் குழப்பும். விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்ப்பது இதைவிடத் துல்லியம். அதுவும் குழந்தையின் உடம்பைத்தான் அளக்கும், பெற்றோரின் அக்கறையை அல்ல.

1990களில் இந்த உணவுமுறைக்கு மறுவாழ்வு கிடைத்தது. பிரிட்டனில் 145 குழந்தைகளை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2008ல் வெளிவந்தது. உடனே உணவுமுறையைத் தொடங்கிய குழுவில் 38 சதவீதக் குழந்தைகளுக்கு மூன்று மாதத்தில் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. காத்திருந்த குழுவில் 6 சதவீதம்தான். நல்ல செய்திதான். ஆனா என் கண் நின்றது இன்னொரு எண்ணில்: 42 குழந்தைகள் கடைசிவரை இல்லை. 16 பேர் தங்களுக்கு ஒதுக்கியதைத் தொடங்கவே இல்லை, 16 பேரிடமிருந்து போதிய விவரம் வரவில்லை, 10 பேர் பாதியில் விலகினார்கள். இந்த எண்களுக்குப் பின்னால் எத்தனை சமையலறைகள், எத்தனை அழுகை இருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இதற்கிடையே 2003ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் தராசைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்த்தார்கள். அட்கின்ஸ் உணவுமுறையை முயன்ற ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அதிலிருந்து வளர்ந்த முறையில் மாவுச்சத்துக்கு மட்டும் வரம்பு உண்டு; ஒவ்வொரு உணவையும் நிறுக்க வேண்டாம், பட்டினியோடு தொடங்கவும் வேண்டாம். மருத்துவர் கண்காணிப்பு மட்டும் எப்போதும் வேண்டும்.

எனக்குப் பிடித்த திருப்பம் இதுதான். பெற்றோர் விதியைக் காப்பாற்றினார்களா என்று மட்டும் கேட்காமல், காப்பாற்றக்கூடிய விதியா என்றும் கேட்டார்கள். பெற்றோரின் திறமையை அளப்பதாக இருந்தால், அவர்கள் தலையில் ஏற்றிய சுமையையும் அதே தராசில் வைக்க வேண்டும்.