கவசமும் துளைகோலும்: திருச்சிராப்பள்ளி

1751-52இல் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் இருந்த முகமது அலியைச் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் முற்றுகையிட்டனர். லாரன்சு, கிளைவு ஆகியோரின் படை வந்ததும் பிரெஞ்சுத் தளபதி ழாக் லா காவிரியைக் கடந்து திருவரங்கம் தீவுக்குப் பின்வாங்கினார். திருவரங்கம், திருவானைக்காவல் கோயில்களின் மதில்கள் அரணாயின. ஆனால் மதிலைத் தகர்க்கும் தேவையே எழவில்லை. கிளைவு கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் பாளையமிட்டு உணவு வரும் வழியை அடைத்தார். 1752 ஜூனில் லா சரணடைந்தார். சந்தா சாகிபு தஞ்சைப் படைத்தலைவர் மனோஜியிடம் சிக்கித் தலை துண்டிக்கப்பட்டார்.

இருபதாம் நூற்றாண்டில் இதே ஊர், கவசத்தைத் துளைக்கும் ஆயுதம் செய்யும் ஊரானது. இங்கு படைக்கலத் தொழிற்சாலை 1966இல் நிறுவப்பட்டது. 1980களில் அதன் அருகே 'ஹெவி அலாய் பெனட்ரேட்டர் புராஜெக்ட்' உருவானது; உள்ளூர் மக்களுக்கு அது எச்.ஏ.பி.பி. தொழிற்சாலை. ஐதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் இதற்கான தொழில்நுட்பத்தை உருவாக்கியது.

டாங்கிப் பீரங்கியிலிருந்து பாயும் துளைகோல்களே இங்கு செய்யப்படுகின்றன. டங்ஸ்டன் மிக உயர்ந்த வெப்பநிலையில்தான் உருகும் என்பதால் அதை உருக்கி வார்ப்பது எளிதன்று. ஆகவே டங்ஸ்டன், நிக்கல், இரும்புத் தூள்களைக் கலந்து அழுத்திச் சூளையில் சுட்டுக் கோலாக்குகின்றனர். இந்தக் கோலுக்குள் வெடிமருந்து இல்லை. எடையும் வேகமுமே அதன் ஆயுதம். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டருக்கு மேல்.

இதற்கு எதிர்த்திசையில் வளர்ந்தது செயல்முறைத் தற்காப்பு. வரும் எறிபொருளை ராடார் கண்டதும் வண்டியே திருப்பிச் சுட்டு அதை வழியில் அழிக்கும் ஏற்பாடு இது. சோவியத் ஒன்றியத்தின் 'டுரோஸ்து' இவ்வகையில் முன்னோடி. அது டி-55 டாங்கிகளில் பொருத்தப்பட்டது. 2006 லெபனான் போரில் ஏவுகணைகளால் டாங்கிகளை இழந்த இஸ்ரேல் 'டிராஃபி'யைப் பொருத்தியது. 2011 மார்ச்சில் காசா எல்லையருகே அது முதன்முறையாகப் போரில் ஒரு ராக்கெட்டைத் தடுத்தது. ஜெர்மனியின் 'அமாப்-ஏடிஎஸ்' உணரிகளையும் எதிர்வெடிகளையும் தனித்தனிப் பெட்டகங்களாக வண்டியைச் சுற்றிப் பொருத்துவது. வண்டிக்கேற்ப எண்ணிக்கையைக் கூட்டலாம், குறைக்கலாம். ராக்கெட்டுகளும் ஏவுகணைகளும் இவற்றுக்குத் தோதான இலக்குகள். துளைகோலை நிறுத்துவது மிகக் கடினம்: வெடிக்கச் செய்ய அதனுள் ஒன்றுமில்லை, கோலைச் சாய்க்கவோ முறிக்கவோதான் முடியும்.

2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, 41 தொழிற்சாலைகள் 7 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. எதிர்த்த தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவிக்க, ஜூன் 30 அன்றே அதைத் தடைசெய்ய வழிவகுக்கும் அவசரச் சட்டம் வந்தது. அருகருகே இருந்த இரு தொழிற்சாலைகளும் பிரிந்தன; படைக்கலத் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்துக்கும், எச்.ஏ.பி.பி. புனேயிலுள்ள நிறுவனத்துக்கும் சென்றன.