நல்ல கைக்கு ஓர் உறை

பக்கவாதத்தால் தளர்ந்த கையைச் சீராக்க அந்தக் கைக்கே கருவி பூட்டவேண்டும் என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால், நலமாயுள்ள கைக்கு உறை மாட்டித் தளர்ந்த கையைத் திருத்தும் மருத்துவமுறை ஒன்று உண்டு. அதன் வரலாறு மாணவர்கள் அறியத்தக்கது.

1895ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மாட், ஷெரிங்டன் என்னும் அறிஞர் இருவர், குரங்கின் ஒரு கையில் உணர்ச்சி நரம்புகளை மட்டும் துண்டித்தனர். அசைவுக்குரிய நரம்புகள் கெடவில்லை. எனினும் குரங்கு அக்கையைப் பயன்படுத்தாது விட்டது. உணர்ச்சி போனபின் அக்கை இயங்காது என்றே கருதப்பட்டது.

பல்லாண்டுகளுக்குப் பின் அமெரிக்க உளவியலறிஞர் எட்வர்டு டௌப் இதனை மீண்டும் ஆராய்ந்தார். நல்ல கையைக் கட்டிவைத்தபோது, குரங்கு உணர்ச்சியற்ற கையைப் பயன்படுத்தத் தொடங்கியது! கட்டு பல நாள் நீடித்தால், அவிழ்த்த பின்னும் அப்பழக்கம் நிலைத்தது. காரணம் யாது? தொடக்கத்தில் முயன்று தோற்ற குரங்கு, அக்கையைப் பயன்படுத்தாதிருக்கக் கற்றுக்கொண்டிருந்தது. தவறாகக் கற்றதைத் திருத்திக் கற்பிக்கலாம் அன்றோ?

இவ்வறிவு எளிதில் வந்ததன்று. 1981இல் சில்வர் ஸ்பிரிங் நகரில் இருந்த அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்து காவலர் 17 குரங்குகளைக் கைப்பற்றினர். வழக்கில் அவருக்கு எதிரான தீர்ப்பு மேல்முறையீட்டில் நீங்கியது. ஆயினும், ஆய்வுக்கூட விலங்குகளைக் காக்கும் சட்டம் 1985இல் கடுமையாக்கப்பட்டதற்கு அந்நிகழ்ச்சியும் ஒரு காரணம்.

குரங்கிடம் கண்டது மனிதருக்கும் பயன்பட்டது. 2006இல் வெளியான ஆய்வொன்றில் 222 நோயாளிகள் பங்கேற்றனர். பக்கவாதம் கண்டு 3 முதல் 9 மாதங்கள் ஆன அவர்கள், மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதேனும் நிமிர்த்த வல்லவர்கள். அவருள் ஒரு சாரார் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியும் நல்ல கையில் உறை அணிந்தனர். தளர்ந்த கைக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரம்வரை பயிற்சி பெற்றனர். ஓராண்டு கழிந்த பின்னும் பலன் நிலைத்திருந்தது.

கடிகாரம்போல் மணிக்கட்டில் அணியும் கருவிகளும் உண்டு. இரு கைகளிலும் அணிந்தால், எக்கை எவ்வளவு அசைந்தது என்று அவை கணக்கிடும். மருத்துவர் முன்னிலையில் நன்கு இயங்கும் கை, வீட்டில் சும்மா கிடப்பதையும் அவை காட்டிவிடும். தேர்வுக்கு மட்டும் படித்து, மறுநாளே மறந்துவிடும் மாணவனைப் போன்றது அக்கை.

இம்முறை எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தாது. மருத்துவர் மேற்பார்வையும் வேண்டும். எனினும் இதிலுள்ள உண்மை நம் வீடுகளுக்கும் உரியது. பக்கவாதம் கண்ட பாட்டனாருக்கு எல்லாவற்றையும் நாமே செய்து கொடுப்பது அன்புதான். தளர்ந்த கையால் அவரே தம்ளரைப் பற்றி எடுக்கும்வரை அருகிருந்து பொறுத்திருப்பது, அதனினும் பெரிய அன்பு.