ஏரி வாரியமும் குடிமராமத்தும்

தமிழகத்து நீர்நிலைகளைப் பற்றி எழுதினோர் பலரும் அவற்றை ஆக்குவித்த வேந்தர்தம் பெருமையையே விரித்துரைத்தனர். நீர்நிலை பெருக்கும் மன்னனே நிலைத்த புகழ் எய்துவான் எனக் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுறுத்திய செய்தியைப் புறநானூற்றின் 18-ஆம் பாட்டால் யாவரும் அறிவர். ஆயின், ஆக்கிய ஏரி பின்வந்த பன்னூறு ஆண்டுகளில் எவ்வாறு காக்கப்பெற்றது என்னும் வினா அதனினும் இன்றியமையாதது. குடிகள் தம் கடமையை மறந்தமையால் ஏரிகள் தூர்ந்தன என்பது பலகாலும் கேட்கப்படும் கூற்று. அது பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் ஏரியின் இயல்பை நோக்குதல் வேண்டும். மழைநீர் தனித்து வருவதன்று, மண்ணையும் உடன்கொணர்வது. ஆதலின் ஆண்டுதோறும் உள்வாயில் வண்டல் படியும், வரத்துக்கால் அடைபடும், கரை அரிப்புறும், மதகும் கலிங்கும் பழுதுறும். ஒருமுறை பெரும்பொருள் செலவிட்டு முடித்துவிடத்தக்க பணி அன்று இது, ஆண்டுதோறும் செய்தற்குரியது. படிந்த வண்டலோ வயலுக்கு நல்லுரம். கோடையில் அதனை வெட்டி வண்டியேற்றிய உழவன் தன் நிலத்தை வளப்படுத்தினான். அச்செயலாலேயே ஏரியும் ஆழ்ந்தது. ஏரியைக் காத்தலும் நிலத்தைத் திருத்துதலும் இருவேறு அறங்களாக அன்றி ஒருதொழிலாகவே நிகழ்ந்தன.

இத்தொழில் முறைப்பட நடந்தமைக்கு உத்தரமேரூர் சிறந்த சான்று. அங்குள்ள வயிரமேக தடாகம் பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டிலேயே இடம்பெறுகின்றது. முதற் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விளக்குவன. 30 குடும்புகளினின்றும் தெரிந்தெடுக்கப்பட்ட 30 பேருள் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் உரியராயினர். அவர்தம் பணிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதாரும் அவர்தம் உறவினரும் தேர்வினின்று விலக்கப்பெற்றனர். தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் முன்னர்ச் செய்தாரும், கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தாருமே சம்வத்சர வாரியத்துக்குக் கொள்ளப்பட்டனர். ஆகவே ஏரிப்பணி ஊராட்சிக்கு ஒரு பயிற்சிக்களமாகவும் விளங்கியது எனக் கருத இடமுண்டு.

வாரியத்தின் வலிமை உறுப்பினர் நல்லொழுக்கத்தில் மட்டும் அமைந்ததன்று. அதற்கெனப் பொருளும் இருந்தது. ஏரிப்பட்டி என்னும் நிலம் ஏரியின் பேணுகைக்கென ஒதுக்கப்பட்டது. ஏரியாயம் என்னும் வரி தண்டப்பட்டது. தூர்வாருதற்கெனத் தனியார் பொன் அளிக்க, சபை அதனைப் பெற்று அதன் பலிசையால் பணி நடத்தியமையையும் கல்வெட்டுக்களிற் காண்கின்றோம். கடமை ஒருபுறமும் அதனை ஆற்றுதற்குரிய வருவாய் மறுபுறமுமாக அமைந்த ஏற்பாடு இது.

எனினும் இவ்வேற்பாட்டை மிகைபடப் போற்றுதல் ஆய்வுநெறி ஆகாது. உத்தரமேரூர் ஒரு பிரமதேயம். கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், தன்மனையில் எடுத்த வீடும், வேதப்பயிற்சியும், 35 முதல் 70 வரையான வயதும் உடையாரே குடவோலைக்கு உரியர். சிறுநிலமுடையார் சிலர்க்குக் கல்வி நோக்கி விலக்களிக்கப்பட்டது உண்மையே. ஆயின், கூடை சுமந்து மண்ணெடுத்தார்க்கு அவ்வவையில் இடமில்லை. உழைத்தோர் ஒருசாரார், முடிவு செய்தோர் பிறிதொரு சாரார் என்பதை மறத்தலாகாது.

இனி, இம்முறை நலிந்த காலத்தை நோக்குவாம். உத்தரமேரூரை உள்ளிட்ட செங்கற்பட்டுச் சீமையில் 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்பார் ஊர்தோறும் கணக்கெடுப்பு நடத்தினார். விளைச்சலில் ஊர்ப்பணிகட்கும் ஊர்ப்பணியாளர்க்கும் பங்குகள் ஒதுக்கப்பட்டதையும், அவற்றுள் நீர்ப்பாசனத்திற்கும் ஒருபங்கு இருந்ததையும் அக்கணக்குக்கள் உணர்த்துகின்றன. பின்னர்க் கும்பினியாட்சியில் நிலவரியே முதன்மையாயிற்று. இரயத்துவாரி முறையில் அரசு தனித்தனி உழவனோடு நேரே தொடர்பு கொண்டது. ஊர்ப்பொதுவின் வருவாய் சுருங்கியது. கடமை மட்டும் எஞ்சி நின்றது. அதுவே குடிமராமத்து என வழங்கலாயிற்று.

அக்கடமையை நிலைநிறுத்த 1858-இல் சென்னை மாகாணத்துக்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கமாக ஆற்றிவந்த பணியைச் செய்யாதார்மேல் தண்டம் விதிக்க அது வழிசெய்தது. ஆயின் பணிக்குரிய நிலத்தையோ வருவாயையோ ஊருக்கு மீட்டளித்திலது. மனமொப்பிச் செய்தது ஆணையால் செய்வதாயிற்று. 1883-இல் அரசே ஏரிகளைப் புதுப்பிக்கும் திட்டத்தைத் தொடங்க நேர்ந்தமை, தண்டத்தால் மட்டும் ஏரி காக்கப்படாது என்பதற்குத் தக்க சான்று.

விடுதலைக்குப் பின் 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட பாசனப்பரப்புடைய ஏரிகள் பொதுப்பணித்துறையிடமும், சிறியன ஊராட்சி ஒன்றியங்களிடமும் ஒப்படைக்கப்பட்டன. ஆழ்துளைக் கிணறும் செயற்கை உரமும் பரவியபின், ஏரிநீரும் வண்டலும் உழவனுக்கு முன்போல் இன்றியமையாதன ஆகவில்லை. சீமைக்கருவேலம் உள்வாய்களிற் படர்ந்தது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஏரி வண்டலை உழவர் எடுத்துச்செல்லவும் அவ்வாண்டில் இசைவளித்தது. பழைய சொல் மீண்டமை மகிழ்தற்குரியதே.

இதுகாறும் கூறியவாற்றால், ஏரிகள் தூர்ந்தமைக்குக் குடிகளின் மடிமையைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது என்பது பெறப்படும். கடமையைத் தாங்கிய வருவாயும் உரிமையும் ஊரினின்று நீங்கின. கடமை தளர்ந்தது அதன் பின்விளைவே. எனவே குடிமராமத்தை மீட்க விழைவார் மண்வெட்டுதலோடு அமையாது, ஏரிக்கென நிலைத்த வருவாயையும், கணக்குக் கேட்கும் உரிமையையும் ஊருக்கு அளித்தல் வேண்டும். அன்று குடவோலையினின்று விலக்கப்பட்டிருந்தார்க்கும் அவ்வுரிமையில் ஒத்த பங்கு வேண்டும் என்பதே எம் துணிபு.