ஒரே பக்கத்தில் பத்துப் பேர்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நான் எழுதிய ஒரேயொரு வரி, ஒரு நகரசபையின் இணையப் போர்ட்டலைக் குழப்பிவிட்டது. முகப்பில் ஆறு பெட்டிகள். ஒன்றில் அறிவித்தல்கள், இன்னொன்றில் விண்ணப்பங்கள், மற்றொன்றில் கட்டணப் பட்டியல். ஒவ்வொரு பெட்டியையும் ஒவ்வொரு குழு எழுதியிருந்தது. என் பெட்டியில் இருந்த அட்டவணை நெருக்கமாகத் தெரிந்ததால், அட்டவணைக் கட்டங்கள் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் இடைவெளி விடும்படி ஸ்டைல் ஷீட்டில் எழுதினேன். என் பெட்டி அழகாகிவிட்டது. பக்கத்துப் பெட்டியின் கட்டணப் பட்டியலோ அகன்று, அதன் கடைசி நிரல் பெட்டிக்கு வெளியே போய் மறைந்துவிட்டது. கட்ட வேண்டிய தொகை அந்த நிரலில்தான் இருந்தது.

அன்று வாங்கிய திட்டு இருக்கட்டும். "நான் என் பெட்டிக்குத்தானே எழுதினேன், அது எப்படி அடுத்த பெட்டிக்குப் போனது?" என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அதற்கான பதில் 1994இல் தொடங்குகிறது.

அந்த வருடம் ஒக்டோபர் 10ஆம் திகதி, செர்ன் ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஹோக்கொன் வியூம் லீ என்ற நோர்வேக்காரர், வலைப்பக்கங்களின் தோற்றத்தைத் தனியாக எழுதிவைக்கும் ஒரு முறையை முன்மொழிந்தார். பிறகு சிஎஸ்எஸ் ஆனது அதுதான். நோர்வேயில் வளர்ந்த எனக்குப் பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொல்லித்தரவில்லை. அவருடைய முதல் வரைவில் ஒரு விநோதம் இருந்தது. தலைப்பு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று எழுதியவரும் சொல்லலாம், வாசகரும் சொல்லலாம். யாருடைய சொல்லுக்கு எவ்வளவு செல்வாக்கு என்பதை வீதக் கணக்கில் குறிக்கலாம். 1996 டிசம்பரில் முதல் தரநிலை வெளியானபோது வீதக் கணக்கு போய்விட்டது. அடிப்படை எண்ணம் போகவில்லை: ஒரு பக்கத்துக்கு எழுதியவர் ஒருவர், வாசிப்பவர் ஒருவர். விதிகள் பக்கம் முழுவதற்கும் பொருந்தும். வேறு யாரும் அந்த வீட்டில் குடியிருப்பார்கள் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

ஜாவாஸ்கிரிப்டின் கதையும் இதேதான். 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். அதில் பெயர்களுக்கெல்லாம் ஒரே பொதுவெளி. இரண்டு ஸ்கிரிப்ட்கள் ஒரே பெயரில் ஆளுக்கொரு செயல்கூறை வைத்திருந்தால், பின்னால் வருவது முன்னதை அழித்துவிடும். சத்தமே வராது. பிழைச் செய்தியும் வராது.

இப்படித் தனிவீடாகக் கட்டிய இடத்தைப் போர்ட்டல் விடுதியாக்கியது. 1996இல் வந்த மை யாகூ பக்கத்தில் செய்தி, வானிலை, பங்குவிலை என்று பெட்டிகளை நாமே தெரிந்தெடுக்கலாம். 2000ஐ ஒட்டிய காலத்தில் பெரிய நிறுவனங்களும் அரச அலுவலகங்களும் இதே வடிவத்தைப் பின்பற்றின. ஆனால் அங்கே ஒரு பக்கத்தின் பெட்டிகளை ஒருவரையொருவர் பார்த்தே இராத குழுக்கள் எழுதின.

ஜாவா உலகம் இதற்கு 2003 ஒக்டோபரில் ஓர் ஒழுங்கு கொண்டுவந்தது. சன், ஐபிஎம் ஆகியவை முன்னின்று உருவாக்கிய ஜேஎஸ்ஆர் 168 என்ற தரநிலை அது. ஒவ்வொரு பெட்டிக்கும் போர்ட்லெட் என்று பெயர். போர்ட்லெட் முழுப் பக்கத்தையும் தரக்கூடாது. ஒரு துண்டை மட்டுமே தரலாம். பக்கத்தின் தலைப்பகுதி போர்ட்டலுக்குச் சொந்தம். ஆனால் ஸ்டைல் ஷீட்டை இணைக்க வேண்டிய இடமே தலைப்பகுதிதான்! நடுப்பக்கத்தில் எழுதுவது எச்டிஎம்எல் விதிக்கு முரண், ஆனாலும் உலாவிகள் ஏற்றுக்கொள்கின்றன, ஆகவே யோசித்துச் செய்யுங்கள் என்கிற பாங்கில் தரநிலை நழுவிவிட்டது. தலைப்பகுதியில் சேர்க்க முறையான வழி, 2008இல் வந்த அடுத்த பதிப்பான ஜேஎஸ்ஆர் 286இல்தான் கிடைத்தது. அதையும் எல்லாப் போர்ட்டல்களும் ஆதரித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பெயர் மோதலுக்கு மட்டும் 168 ஒரு நல்ல வழி வைத்திருந்தது. ஒவ்வொரு போர்ட்லெட்டுக்கும் போர்ட்டல் ஒரு தனி முன்னொட்டைத் தரும். அதைச் செயல்கூறுகளின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். உங்களுக்கு இதைப் புதிதாக விளக்கத் தேவையில்லை. தமிழ்ப் பள்ளி வகுப்பில் இரண்டு கவிதாக்கள் இருந்தால் ரீச்சர் க. கவிதா, செ. கவிதா என்றுதானே பதிவேட்டில் எழுதுவார்? அதே இனிஷியல்தான். ஐகூகுளில் பக்கத்துக்குள்ளேயே கலந்து வரும் பெட்டிகளை எழுதியவர்களுக்கும் இதே உத்தியைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

இனிஷியல் ஒரு மரியாதை மட்டுமே. மறந்தவரையும் வேண்டுமென்றே மீறுபவரையும் அது தடுக்காது. நான் மறந்தவன். மீறியவர் சமி காம்கார்.

2005 ஒக்டோபரில் அவருக்கு வயது 19. மைஸ்பேஸ் தளத்தில் ஒவ்வொருவரும் தம் பக்கத்தைத் தாமே அலங்கரிக்கலாம். ஸ்டைல் எழுதலாம், ஸ்கிரிப்ட் எழுதக்கூடாது. "ஜாவாஸ்கிரிப்ட்" என்ற சொல் வந்தால் தளம் அதை நீக்கிவிடும். சமி அந்தச் சொல்லை "ஜாவா", "ஸ்கிரிப்ட்" என இரண்டு வரிகளாக உடைத்து, பின்னணிப் படத்துக்கான ஸ்டைல் விதிக்குள் ஒளித்துவைத்தார். வடிகட்டிக்கு அது தெரியவில்லை. சில உலாவிகளோ இரண்டையும் சேர்த்துப் படித்து இயக்கின. அவர் பக்கத்தைப் பார்த்தவரின் நண்பர் பட்டியலில் சமி சேர்ந்துகொள்வார். அந்த ஸ்கிரிப்ட் பார்த்தவரின் பக்கத்திலும் ஒட்டிக்கொள்ளும். 20 மணி நேரத்துக்குள் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோரின் பக்கங்களில் பரவியது. தளத்தை நிறுத்தித்தான் அதை அகற்ற வேண்டியிருந்தது. 2007இல் நீதிமன்றம் அவருக்கு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் சமூக சேவையும் விதித்தது.

அப்படியானால் சுவர் கட்ட வழியே இல்லையா? ஐஃபிரேம் என்ற பழைய சுவர் இருந்தது. பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தையே வைத்துவிடலாம். பாதுகாப்பானது, ஆனால் அழகில்லை. உள்ளே இருப்பது எவ்வளவு உயரம் என்று வெளியே தெரியாது, ஸ்க்ரோலுக்குள் ஸ்க்ரோல் வந்து நிற்கும். இலேசான சுவரான ஷேடோ டொம் 2016இல் குரோமிலும் சஃபாரியிலும், 2018 ஒக்டோபரில் ஃபயர்பொக்ஸிலும் இன்றைய வடிவில் வந்தது. அதற்குள் எழுதும் ஸ்டைல் வெளியே கசியாது; வெளியே எழுதிய அட்டவணை விதியும் உள்ளே நுழையாது. என் அந்த ஒரு வரி இதற்குள் இருந்திருந்தால் என்னோடேயே நின்றிருக்கும்.

ஸ்கிரிப்டுக்கு மட்டும் இது சுவரே இல்லை. உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட் முழுப் பக்கத்தையும் தாராளமாகத் தொடலாம். அதனால்தான் இணையக் கடைகள் பலவற்றில் வங்கி அட்டை இலக்கம் கேட்கும் கட்டம் இன்றும் பழைய ஐஃபிரேமுக்குள் இருக்கிறது.

ஸ்டைலிலும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. எழுத்தின் நிறமும் எழுத்துருவும் மரபுரிமையாக வருபவை. அவை தாய்ப் பக்கத்திலிருந்து ஷேடோ டொமுக்குள்ளும் வந்துசேரும். வேண்டாமென்றால் எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குத் திருப்பும் ஒரு கட்டளை உண்டு. பழைய பயத்தில் அதை நான் ஒரு தடவை எழுதினேன். தமிழ்ப் பெட்டி ஒன்றுக்காகப் பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்திருந்த எழுத்துரு அதோடு போய்விட்டது. அன்று மாலையே அந்த வரியை எடுத்துவிட்டேன்.